நான் கிணத்தைப் பற்றிக் கதைக்கேல்லை

போன வருசம் பங்குனிக் கடைசியில யாழ்ப்பாணத்தில எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில ஒரு கூட்டம் நடந்தது. ஊருக்குள்ள ஒருத்தர் தன்ர காணியில ஆழமாக் குழாய்க்கிணறு அடிச்சு, பவுசரில, அதாவது தாங்கி லொறியில, தண்ணி ஏத்தி விக்கப்போறன் எண்டு வெளிக்கிட்டிருந்தார். அதுக்கு ஊர்ச்சனம் ஓம் எண்டுதோ இல்லையெண்டுதோ எண்டதுதான் கதை. நான் வேண்டாம் எண்ட பக்கம். எங்கட ஊருக்கும் கடலுக்கும் இடையில கனதூரம் இல்லை, கோடையில சில கிணறுகள் ஏற்கெனவே சவர் தட்டத் தொடங்கீட்டுது, இதுக்குள்ள ஒரு நாளைக்கு நாலஞ்சு தரம் 10,000 லீற்றர் பவுசர் நிரப்பினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சா நித்திரை வராது. கூட்டத்துக்குப் போகேக்க எனக்கு வடிவாத் தெரியும் எங்கட பக்கம்தான் சரியெண்டு. திரும்பி வரேக்க தோத்துப்போய் வந்தன். தோத்ததை விட, எப்பிடித் தோத்தனான் எண்டதுதான் ஒரு வருசமா என்னை விடாமப் பிடிச்சுக்கொண்டு இருக்கு, அதைத்தான் எழுதப் பாக்கிறன்.

முதல்ல மாமா எழும்பினார். எனக்குச் சொந்தம் இல்லை, ஊரில எல்லாரும் அவரை மாமா எண்டுதான் கூப்பிடுறது, எழுபது தாண்டிட்டுது, தோட்டம் செய்து பிள்ளையளை ஆளாக்கின மனிசன். அவர் நீட்டி முழக்கேல்லை. "இறைச்ச கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும். இது எங்கட அப்பு சொன்னது, அவருக்கு அவற்ர அப்பு சொன்னது. தண்ணி இறைச்சாக் குறையுமெண்டு நீங்கள் இப்ப புதுசாச் சொல்லுறியள்" எண்டிட்டு இருந்திட்டார். அவ்வளவுதான். கூட்டத்தில முக்கால்வாசிப்பேர் தலையாட்டினவை. சின்ன வயசில இருந்து கேட்ட பழமொழிக்கு ஆர் எதிர்த்துக் கதைக்கிறது?

நான் எழும்பி, இதுக்கு ஒரு நல்ல உதாரணம் சொன்னாச் சனத்துக்கு விளங்கும் எண்டு நினைச்சு, நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணி பாங்கில போட்ட காசு மாதிரி எண்டு சொன்னன். மாரி மழைதான் வட்டி. வட்டியை எடுத்துச் செலவழிக்கலாம், முதலில கை வைக்கக்கூடாது, பவுசர்காரர் முதலை எடுக்கப் பாக்கிறார், பிறகு பிள்ளையளுக்கு என்ன மிஞ்சும் எண்டு கேட்டன். சொல்லி முடிக்கேக்க எனக்கே நல்லாச் சொன்ன மாதிரி இருந்தது. ரண்டு மூண்டு பெடியள் கையும் தட்டினவங்கள்.

அப்பதான் பின்வரிசையில இருந்த ஒரு அண்ணை, வெளிநாட்டில கனகாலம் இருந்திட்டு வந்தவர், எழும்பி அமைதியாக் கேட்டார், "தம்பி, 2022 ல பாங்கில காசை அப்பிடியே வைச்சிருந்தவைக்கு என்ன நடந்தது?" ஒருத்தரும் பதில் சொல்லத் தேவையில்லை, ஏனெண்டா அந்த வருசம் டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்குப் போனதை எல்லாரும் தங்கட பாங்க் புத்தகத்தில பார்த்தவை. "வெள்ளன எடுத்து நகையாக்கினவன், காணி வாங்கினவன் தப்பினான். முதலில கை வைக்கக்கூடாது எண்டு இருந்தவன்தான் நட்டப்பட்டவன். தண்ணியும் அப்பிடித்தான், இப்ப பிரயோசனப்படுத்தாட்டிப் பிறகு ஆருக்கு?" எண்டார். சனம் அப்பிடியே அந்தப் பக்கம் சாய்ஞ்சுது. நான் விடாம, இல்லை இது ரூபா மாதிரி விழாது, டொலர்க் கணக்கு மாதிரி எண்டன். அவர், டொலர்க் கணக்கிலயும் வெளிய எடுக்க விடேல்லையே எண்டார். ஆரோ ஓய்வூதியத்தைப் பற்றித் தொடங்கினார், ஆரோ வட்டி வீதத்தைப் பற்றி, இன்னொருத்தர் நிதிக் கொம்பனியில போட்டுத் துலைச்ச காசைப் பற்றி. அரை மணித்தியாலம் பாங்கைப் பற்றித்தான் கதை ஓடினது. பிறகு கை உயர்த்தச் சொன்னவை. ஓம் எண்ட பக்கம்தான் கூட.

வெளிய வந்து சைக்கிளை எடுக்கேக்க ரீச்சர் படியில நிண்டவ. எனக்குத் தமிழ் படிப்பிச்சவ, பென்சன் எடுத்துக் கனவருசம், கூட்டத்தில ஒரு சொல்லும் கதைக்காம இருந்தவ. "நீர் நல்லாத்தான் கதைச்சனீர்" எண்டா. பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீர் கிணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லையே" எண்டா.

நான் அதிலயே நிண்டிட்டன். மெய்தான். நான் வாயைத் திறந்த நேரம் தொடக்கம் இருக்கும் வரைக்கும் கதைச்சது முழுக்க பாங்க். எங்கட ஊர்க் கிணறு எவ்வளவு ஆழம், தண்ணி எங்க நிக்குது, எந்தக் கிணறு எப்ப சவராப் போனது, ஒண்டுமே சொல்லேல்லை. சனம் என்னோட கிணத்தைப் பற்றிப் பிரச்சினைப்படேல்லை, நான்தான் அவையை பாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான், அங்க அவைக்கு என்னை விடக் கனக்கத் தெரிஞ்சிருந்தது. உதாரணம் சொன்னாச் சனத்துக்கு விளங்கும் எண்டு நினைக்கிறம், ஆனா உதாரணத்தைச் சொன்ன உடன வழக்கு அங்கால மாறிப்போகுது. அதில வெண்டாலும் தோத்தாலும் கிணறு கிடந்த இடத்திலதான் கிடக்கும்.

ஊறும், ஆனா என்ன ஊறும்?

அண்டிரவு யோசிக்க யோசிக்க இன்னொண்டு விளங்கினது, அது இன்னும் நோகப் பண்ணினது. என்ர பாங்க் உதாரணம் வாதத்தில தோத்தது மட்டும் இல்லை, அது பிழையான உதாரணமும். எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, வழுக்கையாறும் மாரியோட சரி. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யிற மழைதான் சுண்ணாம்புக்கல்லு வெடிப்புகளுக்குள்ளால கீழ இறங்கி, அங்க ஏற்கெனவே நிக்கிற கடல்தண்ணிக்கு மேல ஏறி நிக்குது. ஒரு லீற்றர் நல்ல தண்ணி 1000 கிராம் எண்டா ஒரு லீற்றர் கடல்தண்ணி கிட்டத்தட்ட 1025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்திலதான் நாங்கள் குடிக்கிற தண்ணி மேல நிக்குது. 1000 ஐ 25 ஆல பிரிச்சா 40. அதாவது கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணி நிண்டா, கடல்மட்டத்துக்குக் கீழ 40 அடிக்கு நல்ல தண்ணி இறங்கி நிக்கும். 19ம் நூற்றாண்டுக் கடைசியில ஒல்லாந்தில கைபன் எண்டவரும் 1901 ல ஜேர்மனியில ஹேர்ஸ்பேர்க் எண்டவரும் தனித்தனியாப் போட்ட கணக்கு இது. எங்கட கல்லுக்குள்ள குகையும் ஓட்டையும் இருக்கிறபடியால் இஞ்ச கணக்கு அச்சொட்டா நிக்காது, ஆனா போக்கு அதுதான்.

இப்ப திருப்பிப் பாருங்கோ. மேல ஒரு அடி குறைஞ்சா, காலப்போக்கில கீழ இருந்து உப்பு 40 அடி ஏறப் பாக்கும். எந்த பாங்கில ஒரு ரூபா எடுக்க 40 ரூபா போகுது? பாங்கில காசு முடிஞ்சா வெறும் புத்தகம் மிஞ்சும். கிணத்தில நல்ல தண்ணி முடிஞ்சாக் கிணறு வெறுமையாகாது, உப்பால நிரம்பும். நான் எச்சரிக்க எண்டு சொன்ன உதாரணம் ஆபத்தைக் கனக்கக் குறைச்சுத்தான் காட்டினது. அதோட மாமா சொன்ன பழமொழி ஏன் இவ்வளவு நாளும் மெய் மாதிரித் தெரியுது எண்டதும் இதுக்குள்ளதான் இருக்கு. இறைச்சுப்போட்டு விடிய எழும்பிப் பார்த்தாத் தண்ணி பழைய மட்டத்துக்கு வந்திருக்கும். கண்ணுக்கு ஊறித்தான் இருக்கும். என்ன ஊறினது எண்டு கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பழமொழியை நாங்கள் என்னத்துக்குச் சொல்லுறனாங்கள் எண்டும் யோசிச்சுப் பாருங்கோ. குடுக்கக் குடுக்கச் செல்வம் குறையாது எண்டு சொல்லத்தான் இறைச்ச கிணத்தைக் காட்டுறது. "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு" எண்ட குறளும் அப்பிடித்தான், அது படிப்பைப் பற்றினது, கேணி அதில உவமை. வள்ளுவர் தண்ணி முகாமைக்கு எழுதின குறள் இல்லை அது, அதோட அவர் சொன்னது மணலில தோண்டுற கேணி, எங்களுக்குக் கீழ கிடக்கிறது சுண்ணாம்புக்கல்லு. கொடைக்கும் கல்விக்கும் உவமையா நிண்ட கிணத்தை நாங்கள் திருப்பிப் பிடிச்சு, கிணத்துக்கே சட்டம் ஆக்கிப்போட்டம். உவமையைத் தலைகீழாப் பிடிச்ச இந்தப் பிழையை ஒருத்தரும் கவனிக்கேல்லை, நானும் அண்டைக்குக் கவனிக்கேல்லை.

மாமாவில பிழை பிடிக்க எனக்கு விருப்பம் இல்லை, அவர் சும்மா சொன்னவர் இல்லை. அவருக்கு வலிகாமம் வடக்கில ஒரு பழைய காணி இருக்கு, 1990 ல விட்டிட்டு ஓடி வந்தது, இருபது வருசத்துக்கு மேல ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள கிடந்து, விட்ட பிறகு போய்ப் பார்த்தவர். வீடு இல்லை. கிணறு இருந்தது, பத்தை மூடி, குப்பை நிறைஞ்சு, கிட்டப் போகேலாத நாத்தம். மகனும் அவரும் குப்பையை அள்ளிப்போட்டு மூண்டு நாள் மெசின் வைச்சு இறைச்சவை, நாலாம் நாள் தெளிஞ்ச தண்ணி வந்ததாம். அதைச் சொல்லேக்க அவற்ர குரல் தழுதழுத்தது எனக்குத் தெரியும். அந்த மனிசனுக்கு அந்தப் பழமொழி புத்தகத்தில படிச்ச வசனம் இல்லை. ஆனா நாறிக்கிடந்த கிணத்தை மூண்டு நாள் இறைச்சதும், நல்ல கிணத்தைப் பவுசருக்கு வருசக்கணக்கா இறைக்கிறதும் ஒண்டில்லை. அப்பு காலத்தில துலாவில ஒருத்தர் மேல நடந்து மிதிக்க, கீழ ஒருத்தர் பட்டையைப் பிடிச்சு ஊத்த, ஒரு தறைக்குத் தண்ணி கட்ட ஒரு விடியக்காலம் முழுக்கப் போகும். அந்த வேகத்தில பழமொழி சரியாத்தான் இருந்திருக்கும். ரண்டு இஞ்சி மெசின் நிமிசத்துக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் இழுக்கும். ஒரே கிணறு, ஒரே சொல், அளவு மட்டும்தான் மாறினது.

பெரியம்மான்ர குளிசை

இது கூட்டத்தில மட்டும் நடக்கிற விசயம் இல்லை. என்ர பெரியம்மாவுக்குப் பிரசர் இருந்தது. குளிசை போட்டுக்கொண்டு வந்தவ, ஒருநாள் நிப்பாட்டிப்போட்டா. கேட்டதுக்கு, "காய்ச்சல் விட்டா பனடோல் போடுறமே? இப்ப எனக்கு ஒண்டும் செய்யேல்லை, நல்லா இருக்கிறன்" எண்டா. எவ்வளவு ஒழுங்கான கதை, கேட்ட எங்களுக்கும் மறுத்துச் சொல்ல உடன ஒண்டும் வரேல்லை. காய்ச்சல் எண்டா உடம்பு கொதிக்கும், தெரியும். பிரசர் ஏறினாப் பெரும்பாலும் ஒண்டுமே தெரியாது, நல்லா இருக்கிறன் எண்டது அதுக்குச் சாட்சியே இல்லை, அவ நல்லா இருந்ததே குளிசையாலதான். இந்த ஒரு இடத்திலதான் காய்ச்சலும் பிரசரும் வேற வேற, அந்த ஒரு இடத்திலதான் உயிரே தங்கி இருந்தது. ஒன்பது மாசத்தில பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தது. அவவோட ஆரும் வாதாடி வெல்லேல்லை, அவ தனக்குத்தானே ஒரு உதாரணம் சொல்லித் தன்னை நம்பப் பண்ணினவ. அதை நினைக்கேக்க, உவமைக்கு எதிர்க்கட்சி கூடத் தேவையில்லை எண்டு எனக்குப் பயமா இருக்கு.

கூட்டம் முடிஞ்ச அடுத்த கிழமை ரீச்சர் வீட்டை போனனான். உவமையே கூடாது எண்டு சொல்லுறியளோ எண்டு கேட்டன். அவ சிரிச்சா. தமிழ் படிப்பிச்ச மனிசியிட்டப் போய் உவமை கூடாதோ எண்டு கேக்கிறீர் எண்டா. பிறகு ரண்டு விசயம் சொன்னவ. ஒண்டு, பழைய உரைகாரர் ஒருபுடை உவமை எண்டு ஒரு சொல் வைச்சிருக்கினம், முகம் சந்திரன் எண்டா வடிவும் குளிர்ச்சியும் மட்டும்தான், சந்திரனில இருக்கிற கறையை முகத்தில தேடக்கூடாது. ஒரு பக்கம்தான் பொருந்தும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கவிஞர் சொல்லுறார், கேக்கிறவரும் கேக்கிறார். வாதத்தில அந்த ஒப்பந்தம் இல்லை, முழுப்பக்கமும் பொருந்தின மாதிரித்தான் சொல்லுறம், மற்ற ஆள் பொருந்தாத பக்கத்தைத் தேடிப் பிடிச்சு அடிக்கிறார்.

மற்றது மணிமேகலை. மணிபல்லவம் எங்கட நயினாதீவு எண்டு சொல்லி அந்தக் கதையை நாங்கள் கொண்டாடுறம், ஆனா கடைசிப் பக்கம் அறவண அடிகள் காஞ்சியில மணிமேகலைக்குத் தருக்கம் படிப்பிக்கிற இடத்தை ஆரும் வாசிக்கிறேல்லை எண்டு ரீச்சருக்குக் கவலை. அதில திட்டாந்தப் போலி எண்டு ஒண்டு இருக்கு, காட்டுற எடுத்துக்காட்டே ஒழுங்கில்லாமப் போறது, அதையும் வகை வகையாப் பிரிச்சிருக்கு. நல்ல எடுத்துக்காட்டுக்கு அங்க சொல்லுறது குசினி. மலையில நெருப்பிருக்கு, ஏனெண்டாப் புகை தெரியுது, குசினி மாதிரி. "மலைக்கும் குசினிக்கும் என்ன ஒற்றுமை, சொல்லும் பாப்பம்" எண்டு கேட்டா. யோசிச்சுப் பார்த்தன், ஒண்டுமே இல்லை. ஒண்டு கல்லும் மரமும், மற்றது அடுப்பும் சட்டியும். ஆனாப் புகை எங்க இருக்கோ அங்க நெருப்பிருக்கும், நெருப்பில்லாத இடத்தில புகை இல்லை எண்ட கட்டு ரண்டு இடத்திலயும் ஒண்டுதான், அது போதும். பாங்குக்கும் கிணத்துக்கும் அப்பிடி என்ன கட்டு இருக்கெண்டு நான் தேடவே இல்லை. போடுறது எடுக்கிறது எண்ட வெளித்தோற்றம் ஒத்துப்போச்சு, அதோட நிப்பாட்டிப்போட்டன்.

இதில நான் எனக்கே கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. நீரியல் படிச்ச ஆக்கள் இந்த நல்ல தண்ணியை நன்னீர் வில்லை எண்டுதான் சொல்லுறவை, கண்ணாடி வில்லை மாதிரி நடுவில தடிச்சுக் கரையில மெலிஞ்சு இருக்கிறபடியால். அதுவும் உவமைதானே? ஓம், உவமைதான். ஆனா அவை வில்லை எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறேல்லை, உருவத்தை மனசில வைக்க அதைத் தந்துபோட்டு, பிறகு அடிக்கணக்கும் பாரக்கணக்கும்தான் கதைக்கினம். ஆரும் எழும்பி, கண்ணாடி வில்லை கீழ விழுந்தா உடையுமே எண்டு கேட்டாச் சிரிச்சுப்போட்டு விடலாம், ஏனெண்டா வாதம் அதில தொங்கேல்லை. என்ர வாதம் முழுக்க பாங்கில தொங்கினது. விளங்க விருப்பமான ஆளுக்கு உவமை ஒரு கைவிளக்கு, நம்ப விருப்பமில்லாத ஆளுக்கு அதே உவமையில பிடிச்சு இழுக்க நூறு நூல் இருக்கு எண்டது எனக்கு இப்பதான் உறைக்குது.

போத்தல்

அதுக்குப் பிறகுதான் நான் எங்கட தோட்டக் கிணத்துக்குப் போத்தல் இறக்கினது. பழைய கண்ணாடிச் சோடாப் போத்தல் ஒண்டை எடுத்து, அடியில கல்லுக் கட்டி, வாயில தக்கை இறுக்கி, தக்கைக்கு ஒரு நூலும் போத்தலுக்கு ஒரு கயிறும். கயிறில முழத்துக்கு ஒரு முடிச்சு. இறக்கவேண்டிய ஆழத்துக்கு இறக்கிப்போட்டு நூலைச் சுண்டி இழுத்தாத் தக்கை கழரும், குமிழி மேல வரும், அந்த ஆழத்துத் தண்ணி உள்ள போகும். நிலாவரை ஆழக்கிணத்துக்குப் போன எல்லாருக்கும் தெரியும் மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு எண்டு. எங்கட கிணத்தில அப்பிடி ஒருநாளும் ஆரும் பார்த்ததில்லை. விடியக்காலம், மெசின் போட முதல், மேல் தண்ணி ஒரு போத்தல், அடித் தண்ணி ஒரு போத்தல். மேல் தண்ணி நல்லாத்தான் இருந்தது. அடித் தண்ணி வாயில விட்ட உடன ஒண்டும் தெரியேல்லை, விழுங்கின பிறகு நாக்கின்ர அடியில ஒரு கரிப்பு நிண்டுது.

பிறகு வெங்காயத்துக்கு மூண்டு மணித்தியாலம் தண்ணி கட்டினம். மெசினை நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப மேல் தண்ணி எடுத்துக் குடிச்சன். விடிய அடியில இருந்த அதே கரிப்பு, இப்ப மேல. அடுத்த நாள் விடிய மட்டத்தைப் பார்த்தாத் தண்ணி சரியா அதே முடிச்சுக்கு ஏறி நிண்டுது, மாமா சொன்ன மாதிரியே ஊறி இருந்தது. அந்தத் தண்ணியில மனிசி தேத்தண்ணி வைச்சா. ஒரு வாய் குடிச்சா, கோப்பையைக் கீழ வைச்சிட்டு என்னைப் பார்த்தா. கூட்டத்தில நான் சொன்ன அவ்வளவு கதையும் அந்தப் பார்வைக்குக் கிட்ட வராது.

அண்டு பின்னேரமே ரண்டு போத்தலையும் பையில போட்டுக்கொண்டு மாமா வீட்டை போனன். குழாய்க்கிணத்துக்கு அனுமதி இன்னும் வரேல்லை, அதால கதைக்க நேரம் இருந்தது. ஒரு உதாரணமும் சொல்லேல்லை. இது விடிய எடுத்த மேல் தண்ணி, இது மூண்டு மணித்தியாலம் இறைச்ச பிறகு எடுத்த மேல் தண்ணி, குடிச்சுப் பாருங்கோ எண்டன். முதல் போத்தலில ஒரு மிடறு. ரண்டாவதில ஒரு மிடறு, பிறகு இன்னொரு மிடறு, வாயில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் முத்தத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பேந்து, "உது உன்ர கிணறு தம்பி. என்ர கிணறு உப்பிடி இல்லை" எண்டார்.

எனக்குச் சட்டெண்டு கோவம் வந்தது. போத்தலைக் கையில குடுத்தும் ஒத்துக்கொள்ளுறாரில்லையே எண்டு. பேந்து பார்த்தா அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. என்ர கிணறு இப்பிடி எண்டா அவற்ர கிணறும் இப்பிடித்தான் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நாறிக்கிடந்த கிணத்தில கண்டதை எங்கட நல்ல கிணத்துக்குப் பொருத்தினதுக்கு நான் அவரில குறை நினைச்சனான். இப்ப நானும் ஒரு கிணத்தைக் காட்டி மற்றக் கிணத்துக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் வந்திருக்கிறன். அவற்ர காணி கடலுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி, கிணறும் ஆழம், கல்லுக்குள்ள எங்க வெடிப்பு ஓடுது எண்டு ஆருக்குத் தெரியும்.

"அப்ப உங்கட கிணத்தில ஒருக்கா இறக்கிப் பாப்பமோ மாமா?" எண்டு கேட்டன்.

அவர் ஒண்டும் சொல்லாம எழும்பிச் சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முன்னால நடந்தார். கிணத்தடியில வெய்யில் சாய்ஞ்சு, தண்ணியில பாதிதான் வெளிச்சம். நான் போத்தலை இறக்க, அவர் கிணத்துக் கட்டில கையை ஊண்டிக்கொண்டு ஒவ்வொரு முடிச்சா எண்ணினார். கடைசி முடிச்சும் என்ர கையுக்கு வந்திட்டுது, கல்லு இன்னும் அடியைத் தொடேல்லை, கயிறு இறுகித்தான் நிண்டுது. "காணாது" எண்டார் மாமா. "பொறு, கொட்டிலுக்குள்ள பழைய துலாக்கயிறு கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்."